மருத்துவர் தலிமெரன் ஆவோ: ஒரு கால்பந்து வீரரும் நாகா மலைகளின் நினைவும்

1948 ஜூலை 29 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. விடுதலை பெற்ற இந்தியா தன் சொந்தக் கொடியுடன் அணிவகுத்த முதல் ஒலிம்பிக் அது. கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் முப்பது வயது மருத்துவ மாணவர். இந்தியக் கால்பந்து அணியின் தலைவர். பெயர் தலிமெரன் ஆவோ. அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலைகள் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

அதற்கு ஓராண்டுக்கும் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பு, 1947 ஆகஸ்ட் 14 அன்று, அதே மலைகளில் நாகா தேசிய கவுன்சில் நாகர்களைத் தனித்த சுதந்திர மக்களாக அறிவித்திருந்தது. அந்த அமைப்பின் முதல் தலைவர்களுள் ஒருவரான அலிபா இம்தியும் ஆவோ இனத்தவரே. இந்தியக் கொடியை ஏந்தியவரும், அந்தக் கொடியின் கீழ் வர மறுத்த அரசியலை முன்னெடுத்தவரும் ஒரே சமூகத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே வகைப் பள்ளிகளிலிருந்து வந்தார்கள். விளையாட்டு வரலாற்று நூல்கள் இந்த இரண்டாவது செய்தியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வடகிழக்கின் அரசியல் வரலாற்று நூல்கள் முதலாவதைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்காதவரை, ஆவோவைத் தம் மண்ணின் மக்கள் ஏன் இவ்வளவு ஆழமாக நேசித்தார்கள் என்பது விளங்காது.

தலிமெரன் ஆவோ 1918 ஜனவரி 28 அன்று சாங்கி என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. அந்த ஆண்டு நாகர் வரலாற்றில் வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கப்படுகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசுக்காகப் பிரான்சுக்குச் சென்ற தொழிலாளர் படையில் ஏறத்தாழ 2,000 நாகர்கள் இருந்தனர். தனித்தனி ஊர்களாகவும் குலங்களாகவும் வாழ்ந்தவர்கள் ‘நாகர்’ என்ற ஒரு பெயரில் தம்மை உணரத் தொடங்கியதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம் என்பர். அவர்கள் திரும்பிய பின் 1918இல் உருவான நாகா கிளப், 1929இல் சைமன் குழுவிடம் தம் மக்களைத் தம் போக்கில் விட்டுவிடுமாறு மனு அளித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் நாகா மலைகளை ‘விலக்கப்பட்ட பகுதி’ என வகுத்தது. மாகாணச் சட்டமன்றத்தின் அதிகாரம் அங்கே செல்லாது. ஆவோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய ஊர், சட்டத்தின் கண்ணில், இந்திய அரசியல் வாழ்வுக்கு வெளியே இருந்தது.

தந்தை சுபோங்வாதி பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். குழந்தைகள் பன்னிருவர், தலிமெரன் நான்காமவர். குடும்பம் சாங்கியிலிருந்து இம்பூருக்குக் குடிபெயர்ந்தது. இம்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் எட்வர்ட் கிளார்க் 1872இல் ஆவோ ஊர்களுக்கு வந்தார். 1894இல் மிஷனின் மையம் இம்பூரில் அமைந்தது. பள்ளி, தேவாலயம், மருத்துவப் பணி, ஆவோ மொழிக்கு ரோமன் எழுத்து என யாவும் அங்கிருந்தே பரவின. அதே வேளையில் பழைய வாழ்வின் பல உறுப்புகளை மிஷன் தடுத்தது. அவற்றுள் முக்கியமானது ‘அர்ஜு’ எனப்பட்ட இளைஞர் கூடம். ஊரின் இளம் ஆண்கள் அங்கே ஒன்றாகத் தங்கினர். உடல்வலிமை, கட்டுப்பாடு, பாட்டு, மூத்தோருக்கு அடங்குதல், தோழனுக்குத் தோள் கொடுத்தல் அனைத்தையும் அங்கேதான் கற்றனர். 1926இல் ஆவோ நாகர் பற்றி நூல் எழுதிய அதிகாரி ஜே. பி. மில்ஸ், இந்த அழிவுக்காக மிஷனரிகளைக் கடுமையாகவே சாடினார்.

அர்ஜு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவற்றுள் ஒன்று பள்ளி விளையாட்டுத் திடல். இது மிகையான கூற்றாகத் தோன்றலாம். ஆனால் நாகர் ஊர்களில் கால்பந்து இவ்வளவு விரைவில் வேர் பிடித்ததை வெறும் ‘மேலைத் தாக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. குழுவாக இயங்குதல், உடலை முன்னிறுத்திப் பெயர் பெறுதல், ஊருக்காகப் போட்டியிடுதல் ஆகியவை அங்கே புதியவை அல்ல, பந்துதான் புதியது. அந்தப் பந்தும் உண்மையில் பந்தன்று. இம்பூர் மிஷன் வளாகத்தில் சிறுவர்கள் உதைத்தது கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிய உருண்டை. தலிமெரனின் கால்கள் பழகியது அதில்தான்.

1935இல் தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குப் பணியாற்ற வேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பம். மருத்துவர் இல்லாத மலைகளில், குணப்படுத்தும் வழி எட்டாத தொலைவில் இருந்த நோய்க்குத் தந்தையை இழந்த பதினேழு வயதுச் சிறுவனிடம் விடப்பட்ட வார்த்தை அது. ஆவோவின் பிற்கால முடிவுகள் எல்லாவற்றுக்கும் பின்னே இந்த வார்த்தை இருக்கிறது. அவரைப் பற்றி நாகர்கள் சொல்லும் கதை, ஆட்டத்திலிருந்து தொடங்குவதில்லை, இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜோர்ஹாட்டில் மிஷன் பள்ளி, பின்னர் குவாஹாத்தியில் காட்டன் கல்லூரி. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய அந்த ஆண்டுகளில் அவர் பல விளையாட்டுகளில் சிறந்தார். குவாஹாத்தியின் மகாராணா கிளப்புக்குக் கால்பந்து ஆடினார். 1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆளுநர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது இந்தியர் முயற்சியில் எழுந்த நிறுவனம். 1948இல் அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ராதா கோவிந்த காரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆவோ ஒரு பெயருள்ள கல்லூரியில் சேர்ந்து வேறொரு பெயருள்ள கல்லூரியிலிருந்து வெளியேறினார்.

அவர் கண்ட கல்கத்தா எப்படிப்பட்டது? 1943இல் பஞ்சம்; நகரத் தெருக்களிலேயே மக்கள் பசியால் மடிந்தனர். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை அவருடைய சொந்த மலைகளில் ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் படையும் மோதின, கோஹிமா தரைமட்டமாயிற்று. 1946 ஆகஸ்டில் கலவரம். மறு ஆண்டு பிரிவினை. இவற்றுக்கு நடுவே அவர் உடற்கூறியல் படித்தார். மாலைகளில் மோகன் பகானுக்காக ஆடினார்.

1943இல் அந்தக் கிளப்பில் சேர்ந்த அவர் சில ஆண்டுகளிலேயே அணித்தலைவரானார். முன்களத்தில் தொடங்கியவர், கல்கத்தாவில் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் நகர்ந்தார். மோகன் பகான் வெறும் கிளப் அல்ல என்பதைப் படித்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தியதிலிருந்து அது வங்காளத் தன்மதிப்பின் சின்னமாயிற்று. அந்த அணியில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்த ஒரே வீரர் சுதிர் சாட்டர்ஜி கிறிஸ்தவர். பின்னாளில் போதகரும் ஆனார். 36 ஆண்டுகளுக்குப் பின் 1947இல்தான் கேடயம் மீண்டும் மோகன் பகானுக்குக் கிட்டியது. வங்காளி இந்து நடுத்தர வர்க்கத்தின் பெருமிதமாக எழுதப்படும் இந்தக் கிளப்பின் வரலாற்றில், ஒரு முனையில் சுதிர் சாட்டர்ஜியும் மறுமுனையில் நாகா போதகர் ஒருவரின் மகனும் நிற்பது கவனத்துக்குரியது. மோகன் பகானை ஒரு சமூகத்தின் தனிச்சொத்தாகக் காட்டும் ஆய்வுகள் இந்த இருவருக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் கல்கத்தாவின் படித்தவர்களுக்கு நாகர்கள் அறிமுகமானது பெரும்பாலும் காலனிய இனவரைவியல் நூல்கள் வழியாக: ஈட்டி, இறகுத் தலையணி, தலைவேட்டை. அந்தப் படிமத்துக்கு எதிராக யாரும் கட்டுரை எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒரு நாகர் தம் அணியை வழிநடத்தினார். தலைமை என்ற சொல்லுக்கு இதில் கூடுதல் எடை உண்டு. வங்காளி, பஞ்சாபி, தென்னிந்தியர் யாரும் அவருடைய ஆணையை ஏற்று ஆட வேண்டியிருந்தது.

லண்டனுக்குச் சென்ற அணியில் இந்தப் பன்மை தெளிவாகவே தெரியும். வங்காளத்தின் சைலேன் மன்னா இருந்தார். கோல் காப்பாளர் வரதராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன், அகமது கான் ஆகியோர் பெங்களூரின் கொடை. (தமிழ் வாசகர்கள் அந்தப் பட்டியலைப் படிக்கையில் சற்று நின்று பார்ப்பது இயல்பே.) பயிற்சியாளர் மோகன் பகானின் பலாய்தாஸ் சாட்டர்ஜி. முதற் சுற்றில் பர்மா விலகியதால் இந்தியா ஆடாமலே முன்னேறியது. ஜூலை 31 அன்று இல்ஃபோர்டின் கிரிக்கிள்ஃபீல்டு திடலில் பிரான்ஸை எதிர்கொண்டது.

அந்த ஆட்டம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரான்ஸ் முதல் பாதியில் ஒரு கோல் அடித்தது. 70ஆம் நிமிடத்தில் ராமன் சமன் செய்தார்; விடுதலை இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்து 2-1 என வென்றது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனும் சிலர் துணிக்கட்டுடனும் ஆடினர். தோற்ற அணியை லண்டன் ரசிகர்கள் வாழ்த்தி வழியனுப்பினர்.

காலணி பற்றி நிருபர்கள் கேட்டபோது ஆவோ தந்த விடை இன்றும் சொல்லப்படுகிறது: நாங்கள் ஆடுவது ‘ஃபுட்பால்’, நீங்கள் ஆடுவது ‘பூட்பால்’ என்ற பொருளில் ஒரு சிலேடை. இதை நகைச்சுவையாக மட்டும் கொள்வது பிழை. வெறுங்கால் என்பதை வறுமையின் அடையாளமாகப் பார்த்த கேள்விக்கு, அது எங்கள் ஆட்டமுறை என்று அணித்தலைவர் விடையளித்தார். பந்தைத் தொட்டறியும் நுண்மை, திசைமாற்றும் விரைவு, குறுகிய கடத்தல் ஆகியவை அந்த முறையின் வலிமைகள். ஈரத் தரையிலும் வலிமையான உடல்மோதலிலும் அது தடுமாறும் என்பது 1952 ஹெல்சிங்கியில், யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபோது, தெளிவாயிற்று. அதன் பின் இந்தியக் கால்பந்து காலணிக்கு மாறியது. ஆயினும் 1948இல் வெறுங்கால் நாணத்துக்குரியது அல்ல என்று லண்டனில் நின்று சொல்ல, கந்தல் பந்தில் ஆட்டம் பழகிய ஒருவர் தேவைப்பட்டார்.

அந்தப் பயணத்தின்போது ஆர்சனல் கிளப் ஓராண்டு தங்கி ஆடுமாறு அவரை அழைத்தது என்றும், மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்தார் என்றும் அவரைப் பற்றிய எல்லா நினைவுரைகளும் கூறுகின்றன. நாட்டின் பிற பகுதிகளில் விளையாட்டுச் செய்தியாளர்கள் இந்நிகழ்ச்சியை ‘இழந்த வாய்ப்பு’ என்ற தொனியில் எழுதுவது வழக்கம். என்ன ஆகியிருப்பார், எவ்வளவு உயர்ந்திருப்பார் என்ற பெருமூச்சு அதில் கேட்கும். நாகாலாந்தில் இதே கதை சொல்லப்படும் தொனி முற்றிலும் வேறு. அங்கே அது இழப்பின் கதையன்று. தந்தைக்குக் கொடுத்த வார்த்தையை மகன் காத்த கதை. ஒரே நிகழ்ச்சிக்கு இரு சமூகங்கள் எப்படி வெவ்வேறு பொருள் தருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1950இல் அவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். கால்பந்துக்கு விடை தந்தார். திப்ருகரில் அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் சில காலம் பணியாற்றிய பின், 1953இல் கோஹிமா அரசு மருத்துவமனையில் துணை சிவில் சர்ஜனாகச் சேர்ந்தார். கல்கத்தாவிலேயே இருந்திருந்தால் வசதியும் புகழும் அவரைத் தேடி வந்திருக்கும். அவர் திரும்பிய கோஹிமா எதை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1951 மே மாதம் நாகா தேசிய கவுன்சில் பொதுவாக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1952 பொதுத் தேர்தலை நாகர்கள் புறக்கணித்தனர். 1955இல் நாகா மலைகளுக்காகக் கலவரப் பகுதிகள் சட்டம், 1956இல் படைகள், 1958இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். ஊர்கள் எரிந்தன, மக்கள் முகாம்களில் தொகுத்து வைக்கப்பட்டனர். இந்த ஆண்டுகளில் ஒரு நாகா மருத்துவராக இருப்பது எத்தகையது என்பதை இரண்டு மரணங்கள் காட்டும். 1956இல் கோஹிமாவில், நாகர்களில் முதல் மருத்துவர் என அறியப்பட்ட முதியவர் ஹராலு இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961இல் மொகோக்சுங்கில் மருத்துவர் இம்கோங்லிபா ஆவோ கொல்லப்பட்டார். இந்திய அரசுடன் பேசி நாகாலாந்து மாநிலத்துக்கு வழிவகுத்த நாகா மக்கள் மாநாட்டின் தலைவர் அவர். சுட்டவர்கள் அந்தச் சமரசத்தை ஏற்காத நாகர்கள். ஒருவர் அரசின் துப்பாக்கிக்கும் மற்றவர் கிளர்ச்சியாளரின் துப்பாக்கிக்கும் இரையாயினர். இருவரும் மருத்துவர்கள்.

தலிமெரன் ஆவோ அரசுப் பணியில் இருந்தவர். வெம்ப்ளியில் இந்தியக் கொடியை ஏந்தியவர். சந்தேகத்தின் காலத்தில் இவ்விரண்டும் எளிதில் குற்றமாகக் கருதப்பட்டிருக்கலாம். ஆயினும் அவருடைய பெயர் நாகர் நினைவில் எந்த ஒரு அரசியல் தரப்பின் பெயராகவும் மாறவில்லை. அதற்கான காரணத்தை மருத்துவமனையில்தான் தேட வேண்டும். புறநோயாளிகளின் வரிசையில் நிற்பவரின் அரசியலை மருத்துவர் கேட்பதில்லை. அசாமியராலும் வங்காளிகளாலும் நடத்தப்பட்ட நிர்வாகத்தில், நோயாளியின் ஊரையும் குலத்தையும் அறிந்த ஒருவர் வெள்ளை அங்கியில் அமர்ந்திருந்தது அந்த வரிசைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை. 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானது. ஆவோ அதன் சுகாதாரத் துறையின் இயக்குநராக உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். அதாவது, வெற்றுத் தாளிலிருந்து ஒரு மாநிலத்தின் மருத்துவ நிர்வாகம் எழுதப்பட்ட காலத்தில் அதன் பொறுப்பில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர். விளையாட்டுப் பத்திரிகைகளில் இந்தக் கால்நூற்றாண்டுக்கு வழக்கமாக ஒரே வரிதான் கிடைக்கிறது. அவருடைய ஆட்டவாழ்வோ அதில் பாதிக்கும் குறைவு.

1998 செப்டம்பர் 13 அன்று அவர் மறைந்தார். நினைவுச் சின்னங்கள் பின்னர் வந்தன. அசாமின் கலியாபரில் ஒரு விளையாட்டரங்கமும், காட்டன் கல்லூரியில் ஓர் உள்ளரங்கமும் அவர் பெயர் தாங்கின. வடகிழக்கு மாநிலங்களுக்கான கால்பந்துப் போட்டி ஒன்று 2009இல் அவர் பெயரால் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘டாக்டர் டி. ஆவோ கோப்பை’. கால்பந்துக் கோப்பை ஒன்றின் பெயரில் மருத்துவப் பட்டம் முன்னே நிற்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய மக்கள் பேச்சில் அந்தப் பட்டம் ஒருபோதும் உதிர்ந்ததில்லை. வீரர் என்பது அவர் செய்தவற்றுள் ஒன்று, டாக்டர் என்பதே அவர்.

இதனால் அவருடைய தாக்கத்தை அளக்க விளையாட்டுப் புள்ளிவிவரங்களை நாடுவது பயன் தராது. அவர் பெயரால் ஊர்தோறும் சிறுவர்கள் பந்தாடினர் என்று எழுதுவது எளிது. ஆனால் அவருக்குப் பின்வந்த தலைமுறையின் இளமை, ஊரடங்குக்கும் முகாம்களுக்கும் இடையில் கழிந்தது. திறமை குறைந்ததாலன்று, திடலில் கூடும் சுதந்திரமே குறைந்ததாலேதான் அடுத்த ஒலிம்பியன் நெடுங்காலம் வரவில்லை என்று கொள்ள இடமுண்டு. வில்வித்தை வீராங்கனை செக்ரோவோலு ஸ்வுரோ ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது, தலிமெரன் ஆவோவுக்கு அடுத்து நாகாலாந்திலிருந்து சென்ற இரண்டாமவர் அவரே. ஆண்டு 2012. இடம், மீண்டும் லண்டன். இடையில் 64 ஆண்டுகள் கழிந்திருந்தன.